திருமலாபுரம் அகழாய்வும் தமிழக இரும்புக் காலக் கணிப்பும்

திருமலாபுரம் அகழாய்வு என்பது தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள இரும்புக் கால ஈமக்காடு ஒன்றில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2024ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வு ஆகும். இவ்விடம் வாசுதேவநல்லூரை உள்ளடக்கிய சிவகிரி வட்டாரத்தைச் சேர்ந்தது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட இரும்பின் தொன்மை குறித்த அறிக்கைக்குப் பின், தென் மாவட்டங்களின் ஈமக்காடுகள் அனைத்தும் புதிய கவனம் பெற்றன. அவற்றுள் திருமலாபுரமும் ஒன்று. போட்டித் தேர்வுக்கான நடப்பு நிகழ்வுத் தொகுப்புகளில் இச்செய்தி பெரும்பாலும் ஓர் ஊர்ப்பெயராகவும் ஓர் ஆண்டாகவும் சுருங்கிவிடுகிறது. அந்த ஆண்டு எவ்வாறு கணிக்கப்படுகிறது, அது எதன் வயது, எதன் வயது அன்று என்பவை இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

பெயர்க் குழப்பம்

தென்காசி மாவட்டத்தில் கடையநல்லூருக்கு அருகில் பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் பழைய ஓவியத் தடயங்களும் கொண்ட திருமலைபுரம் என்னும் ஊர் உள்ளது. அது வேறு, அகழாய்வு நடந்த திருமலாபுரம் வேறு. இரண்டுக்கும் இடையே ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கால இடைவெளி இருக்க, வினா வங்கிகள் சிலவற்றில் இரண்டும் ஒன்றாகவே காட்டப்படுகின்றன.

அமைவிடமும் சூழலும்

கொல்லம் - திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி, இராசபாளையம் என மலையடிவாரத்தை ஒட்டியே வடக்கு நோக்கிச் செல்கிறது. சாலைக்கு மேற்கே மலை, கிழக்கே கண்மாய்களும் வயல்களும் என்பதே இவ்வட்டாரத்தின் பொது அமைப்பு. மலையிலிருந்து இறங்கும் சிற்றோடைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்மாய்களை நிரப்புகின்றன. திருமலாபுரம் ஈமக்காடும் இத்தகைய இரண்டு ஓடைகளுக்கு இடைப்பட்ட நிலத்தில் அமைந்துள்ளது.

இவ்வட்டாரத்தின் வரலாறு எனப் பாடநூல்களில் இடம்பெறுவது பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டுச் செய்தியே. வாசுதேவநல்லூருக்கு அருகிலுள்ள நெற்கட்டும்செவலில் இருந்து ஆண்ட பூலித்தேவரும், ஆற்காட்டு நவாபு மற்றும் ஆங்கிலேயக் கும்பினிப் படைகளுடன் அவர் நடத்திய போர்களுமே அதன் மையம். அதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இதே ஓடைக்கரைகளில் இரும்பாயுதம் ஏந்திய மக்கள் வாழ்ந்து, இறந்தோரைத் தாழிகளில் அடக்கம் செய்தனர் என்பதற்கு முறையான அகழாய்வுச் சான்று 2024க்குப் பின்னரே கிடைத்தது. இரும்புக் காலத்தைப் பொறுத்தவரை தென்கோடி மாவட்டங்களில் அதுவரை பேசப்பட்டவை ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை முதலிய தாமிரபரணிப் படுகை ஊர்களே.

2024 ஜூன் 18 அன்று தமிழ்நாட்டில் எட்டு இடங்களில் அகழாய்வுப் பணிகள் தொடங்கி வைக்கப்பட்டன. கீழடி, வெம்பக்கோட்டை, கீழ்நமண்டி, பொற்பனைக்கோட்டை ஆகியவை முன்னரே தோண்டப்பட்ட இடங்கள். திருமலாபுரம், சென்னானூர், கொங்கல்நகரம், மருங்கூர் ஆகிய நான்கும் அவ்வாண்டு முதன்முறையாகத் தோண்டப்பட்டவை. 2025ஆம் ஆண்டுக்கான பட்டியலில் தென்காசி மாவட்டத்தின் மற்றொரு ஊரான கரிவலம்வந்தநல்லூர் இடம்பெற்றது.

கண்டறியப்பட்டவை

முதற்கட்ட அகழாய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு, கற்பலகைகளை நிறுத்தி அமைக்கப்பட்ட செவ்வக வடிவ அறை ஆகும். இது ஏறத்தாழ 13.5 மீட்டர் நீளமும் 10.5 மீட்டர் அகலமும் கொண்டது. 35 கற்பலகைகள் பயன்படுத்தப்பட்டுள்ளன. அறையினுள் தாழிகள் வைக்கப்பட்டு, கூழாங்கற்களால் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் ஆழத்திற்கு நிரப்பப்பட்டிருந்தது. தமிழ்நாட்டு அகழாய்வுகளில் இவ்வகை அமைப்பு வெளிப்பட்டது இதுவே முதன்முறை எனத் தொல்லியல் துறை தெரிவித்தது. கற்பதுக்கை தனி, தாழி அடக்கம் தனி எனப் பிரித்துப் படிக்கும் வழக்கத்திற்கு இவ்வறை ஒரு விலக்கு: இங்குக் கல்லும் தாழியும் ஒரே அமைப்பின் பகுதிகளாக உள்ளன.

மட்கலங்களுள் கறுப்பு-சிவப்பு மட்கலம், சிவப்பு மட்கலம், கறுப்பு மெருகு மட்கலம் ஆகியவை கிடைத்தன. வெண்ணிற வண்ணத்தால் கோடும் குறியும் தீட்டப்பட்ட கறுப்பு-சிவப்பு மட்கலங்கள் குறிப்பிடத்தக்கவை. இத்தகைய கலங்கள் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியிலும், ஆதிச்சநல்லூர், கொற்கை வட்டாரத்திலும் முன்னரே அறியப்பட்டவை. வரைபடத்தில் திருமலாபுரம் இவ்விரு பகுதிகளுக்கும் இடையில் அமைகிறது என்பது கவனிக்கத்தக்கது. தாழி ஒன்றில் மனித உருவம், மலை, மான், ஆமை ஆகியவை புள்ளிகளால் ஆன உருவங்களாகக் காணப்பட்டன.

எலும்பு, தங்கம், வெண்கலம், இரும்பு ஆகியவற்றால் ஆன 78 தொல்பொருட்கள் பதிவு செய்யப்பட்டன. வாள், ஈட்டிமுனை, கோடரி, குறுவாள், உளி, அம்புமுனை ஆகியவை இரும்பில் கிடைத்தவற்றுள் அடங்கும். தாழி ஒன்றில் இருந்த மூன்று தங்க வளையங்கள் ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டம் உடையவை. 2025ஆம் ஆண்டு, ஏறத்தாழ எட்டு அடி நீளமுள்ள இரும்பு ஈட்டி ஒன்று தாழியின் அருகே கிடைத்ததாக அறிவிக்கப்பட்டது. கைக்கு அடக்கமான கத்தி, உளி போன்றவற்றோடு ஒப்பிட, இத்தகைய நீளத்திற்கு இரும்பை அடித்து நீட்டுவது தனித்திறன் வேண்டும் பணி. பல இரும்புத் துண்டுகளைச் செஞ்சூட்டில் ஒன்றோடொன்று அடித்து இணைக்கத் தெரிந்த கொல்லர்களாலேயே அது இயலும்.  இறந்தவரின் தகுதியைக் காட்ட இது செய்யப்பட்டிருக்கலாம்.

தாழி என்னும் சொல்

தென் மாவட்டங்களில் உழவின்போதும் கிணறு வெட்டும்போதும் இத்தாழிகள் வெளிப்படுவது புதிதன்று. ஊர்மக்கள் இவற்றை மதமதக்கத் தாழி என்பர். வயது முதிர்ந்தும் உயிர் பிரியாதவர்களை உணவுடன் தாழிக்குள் இறக்கி மூடிவிடுவார்கள் என்ற கதையும் வழங்குகிறது. முதுமக்கள் தாழி என்ற பெயரை 'முதியவர்களின் தாழி' எனப் பிரித்துப் பொருள் கொண்டதன் விளைவே இக்கதை எனலாம். முதுமக்கள் என்பது இங்கு முற்காலத்து மக்களையே குறிக்கும். தாழிகளில் குழந்தைகளின் எலும்புகளும் கிடைத்துள்ளன. உடலை வேறிடத்தில் இட்டு, பின்னர் எலும்புகளை மட்டும் சேகரித்து அடக்கம் செய்த தாழிகளும் பல.

இரும்பின் தொன்மை அறிக்கை

2025 ஜனவரி 23 அன்று சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தமிழ்நாடு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் இரும்பின் தொன்மை என்னும் அறிக்கையை வெளியிட்டார். பேராசிரியர் கா. இராஜன், தொல்லியல் துறையைச் சேர்ந்த இரா. சிவானந்தம் ஆகியோர் அதன் ஆசிரியர்கள். தமிழ் நிலத்தில் இரும்பின் பயன்பாடு கி.மு. நான்காம் ஆயிரமாண்டின் முற்பகுதியை அன்று, அதன் பிற்பகுதியை எட்டுகிறது என்பது அறிக்கையின் சாரம். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் பெறப்பட்ட கரி மாதிரிகளே அதற்கு முதன்மைச் சான்று. மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள பீட்டா அனலிடிக் ஆய்வகத்திலும், இலக்னோவின் பீர்பல் சாகனி தொல்லறிவியல் நிறுவனத்திலும், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடத்திலும் பகுப்பாய்வு செய்யப்பட்டன.

இந்த ஆண்டுகள் படிப்படியாகவே பின்னோக்கி நகர்ந்தன. ஆதிச்சநல்லூரில் 2004-2005இல் எடுக்கப்பட்ட மாதிரிகளுக்கு 2019இல் கிடைத்த முடிவு கி.மு. 905ஐத் தொட்டது. சிவகளைத் தாழி ஒன்றின் நெல்மணிகளுக்குக் கி.மு. 1155 என்ற முடிவு 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறைக்குக் கி.மு. 2172 என 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. 2025 அறிக்கையில் ஆதிச்சநல்லூருக்குக் கி.மு. 2517, சிவகளைக்குக் கி.மு. 3345 வரை எனக் குறிக்கப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டம் கீழ்நமண்டியின் ஈமப்பேழை கி.மு. 1692ஐச் சேர்ந்தது. ஆறு ஆண்டுகளுக்குள் தொடக்க எல்லை ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகள் பின்னே சென்றுவிட்டது. அறிவியலில் இத்தகைய பெரிய நகர்வு நிகழும்போது முறையை ஆராய்வதே வழக்கம். அதை ஐயப்பாடு என்றோ பகைமை என்றோ கொள்ள வேண்டியதில்லை.

கரிமக் காலக்கணிப்பு இயங்கும் விதம்

உயிருள்ள மரமோ பயிரோ வளிமண்டலத்திலிருந்து கரிமத்தை இடையறாது பெறுகிறது. அதில் மிகச் சிறு பங்கு கரிமம்-14 என்னும் கதிரியக்க ஓரிடத்தான். உயிர் நீங்கியதும் புதிய கரிமம் சேர்வது நின்றுவிடும். உள்ளிருக்கும் கரிமம்-14 சிதைந்து குறையத் தொடங்கும். இதன் அரைவாழ்வு 5,730 ஆண்டுகள். ஆகவே 5,300 ஆண்டுகளுக்கு முன் உயிர் நீங்கிய மரத்தின் கரியில், தொடக்கத்தில் இருந்ததில் பாதிக்குச் சற்றுக் கூடுதலான கரிமம்-14 இன்னும் எஞ்சியிருக்கும். பழைய முறையில் சிதைவுகளை எண்ணிக் கணித்தனர். அதற்குப் பல கிராம் கரி தேவைப்பட்டது. முடுக்கி நிறைமாலை அளவி அணுக்களையே நேரடியாக எண்ணுவதால், இன்று ஒரு நெல்மணியே போதுமானது.

அளவியிலிருந்து வரும் எண் நாட்காட்டி ஆண்டு அன்று. வளிமண்டலத்தின் கரிமம்-14 அளவு எல்லாக் காலத்திலும் ஒரே சீராக இருந்ததில்லை. மரவளையங்கள் முதலியவற்றைக் கொண்டு உருவாக்கப்பட்ட அளவுத்திருத்த வளைகோட்டோடு பொருத்திய பின்னரே கி.மு. ஆண்டு கிடைக்கும். அதுவும் ஒற்றை ஆண்டாக அமையாது, ஒரு வீச்சாகவே அமையும். செய்திகளில் வரும் கி.மு. 3345 போன்ற எண் அவ்வீச்சைச் சுருக்கிச் சொல்வது. 'இன்றைக்கு முன்' என்று அறிவியல் கட்டுரைகளில் வரும் கணக்கில் 'இன்று' என்பது 1950ஆம் ஆண்டு. இதை மறந்து கூட்டிக் கழிப்பதால் சிறு பிழைகள் பாடக்குறிப்புகளில் நுழைகின்றன.

ஒளித்தூண்டல் ஒளிர்வு முறை இதனின்று வேறானது. மணலிலும் சுட்ட மண்ணிலும் உள்ள குவார்ட்சுத் துகள்கள் சுற்றுப்புறக் கதிரியக்கத்தால் சிறிது சிறிதாக ஆற்றலைச் சேமிக்கின்றன. வெயிலோ சூளை வெப்பமோ அச்சேமிப்பை அழித்துவிடும். எனவே ஓட்டுத்துண்டில் இம்முறை அளப்பது அப்பானை கடைசியாகச் சுடப்பட்ட காலத்தை. இதில் பிழை எல்லை கரிம முறையைவிடப் பொதுவாக அகலமானது. ஆனால் அளக்கப்படுவது தாழியின் வயதே என்பது இதன் சிறப்பு.

சிவகளை எண்களை வாசித்தல்

அறிக்கையில் சிவகளைக்கு மூன்று வகை எண்கள் உள்ளன. கரி மாதிரிகள் கி.மு. 2953 முதல் 3345 வரை செல்கின்றன. ஓட்டுத்துண்டுகளின் ஒளிர்வுக் கணிப்பு கி.மு. 2427, 2459 என அமைகிறது. நெல் கி.மு. 1155. இவை முரண்பாடு அல்ல. ஒரே ஈமக்காடு பல நூற்றாண்டுகள் பயன்பட்டிருக்கலாம், மாதிரிகள் வெவ்வேறு தாழிகளைச் சேர்ந்தவை. எனினும் மாதிரியின் தன்மையைக் கவனித்தால் ஒரு வேறுபாடு புலப்படும். நெல் ஒரே பருவத்தில் விளைந்து அறுக்கப்படுவது; அதன் வயதும் பயன்பாட்டின் வயதும் ஒன்றே. மரக்கரிக்கு அவ்வாறு இல்லை. இருநூறு ஆண்டு வளர்ந்த மரத்தின் நடுவயிரம் வெட்டப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே கரிமம் பெறுவதை நிறுத்திவிட்டது. தாத்தா கட்டிய வீட்டின் தேக்கு உத்தரத்தை இன்று எரித்தால், அந்தக் கரி இன்றைய தேதியைக் காட்டாது. இதனைப் பழமரச் சிக்கல் என்பர். சில பத்தாண்டுகள் முதல் சில நூறு ஆண்டுகள் வரையிலான வேறுபாட்டை இச்சிக்கல் விளக்கக்கூடும். இரண்டாயிரம் ஆண்டு வேறுபாட்டை அது விளக்காது.

அதனினும் முக்கியமான கேள்வி, கரிக்கும் இரும்புக்கும் உள்ள தொடர்பு. கணிக்கப்பட்டது இரும்பின் வயது அன்று. இரும்போடு கிடைத்த கரியின் வயது. மூடி சிதையாத தாழிக்குள் இரண்டும் ஒன்றாக இருந்தால் தொடர்பு வலுவானது. மூடி உடைந்து மண் புகுந்த தாழியில், பழைய காட்டுத்தீயின் கரித்துகளும் மண்ணோடு உள்ளே வந்திருக்க இடமுண்டு. ஆகவே ஒவ்வொரு எண்ணையும் அது வந்த தாழியின் நிலையோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும். இரும்பையே நேரடியாகக் கணிக்கும் வழியும் உண்டு: உலையில் கரியிலிருந்து இரும்பு ஈர்த்துக்கொண்ட கரிமத்தைப் பிரித்தெடுத்து அளக்கலாம். துருவேறாத உலோகம் உள்ளே எஞ்சியிருந்தால்தான் இது இயலும். மூவாயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த பொருளுக்கு அது எளிதில் வாய்ப்பதில்லை.

அறிக்கையின் வலிமை ஒரே மாதிரியில் இல்லை. பல ஊர்கள், இரண்டு வேறுபட்ட அறிவியல் முறைகள், ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்கள் என்பதே அதன் வலிமை. சிவகளையின் மிகப் பழைய எண்ணை முற்றிலும் ஒதுக்கிவைத்தாலும், கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டில் இரும்பு என்ற முடிவு மயிலாடும்பாறை, ஆதிச்சநல்லூர் கணிப்புகளால் தாங்கப்படுகிறது. திருமலாபுரத்தின் காலமும் கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டின் முற்பகுதி முதல் இடைப்பகுதி வரை எனத் தற்காலிகமாகவே குறிக்கப்பட்டுள்ளது. 'தற்காலிகமாக' என்ற அச்சொல்லைத் தொகுப்பு நூல்கள் முதலில் நீக்கிவிடுகின்றன.

உலகச் சூழலில்

இரும்பு உருக்கும் தொழில்நுட்பம் கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டில் அனத்தோலியாவின் இட்டைட்டு மக்களிடையே வளர்ந்து பரவியது என்பதே நீண்டகாலப் பாடநூல் கருத்து. இந்தியாவுக்குள் இது ஏற்கனவே அசைக்கப்பட்ட ஒன்று. உத்தரப் பிரதேசத்தின் மல்கர், இராசா நல்-கா-திலா, தாதுபூர் ஆகிய இடங்களில் இராகேசு திவாரி நடத்திய அகழாய்வுகள் இரும்பைக் கி.மு. 1800 அளவுக்குக் கொண்டுசென்றன. அம்முடிவுகள் 2003இல் வெளியாயின.

எகிப்தின் கெர்சேயில் கிடைத்த இரும்பு மணிகள் கி.மு. 3200 அளவிலானவை. ஆனால் அவை விண்கல் இரும்பால் செய்யப்பட்டவை. அதிலுள்ள மிகுந்த நிக்கல் அளவு அதைக் காட்டிக் கொடுக்கிறது. துட்டன்காமன் கல்லறையின் குறுவாளும் அவ்வகையே. வானிலிருந்து விழுந்த உலோகத்தை அடித்து வடிப்பது ஒன்று. செம்மண்ணிலும் கல்லிலும் உள்ள தாதுவிலிருந்து இரும்பைப் பிரிப்பது மற்றொன்று. தூய இரும்பு உருக 1,538 செல்சியசு வெப்பம் தேவை. தொல்கால உலைகள் அதை எட்டவில்லை. எட்டவேண்டிய தேவையும் இல்லை. கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு தாதுவின் ஆக்சிசனைப் பிரித்துவிட, கசடு கலந்த இரும்புப் பஞ்சு உலையடியில் தங்கும். அதை மீண்டும் மீண்டும் காய்ச்சி அடித்துக் கசடை வெளியேற்றுவர்.

ஆகவே 'உலகின் முதல் இரும்பு' என்ற தொடரைக் காட்டிலும் 'தாதுவிலிருந்து பிரித்த இரும்பின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று' என்பதே துல்லியமானது. அதை முழுமையாக நிறுவுவதில் உலைகளுக்கும் கசடுகளுக்கும் பெரும் பங்கு உண்டு. ஈமக்காட்டில் கிடைப்பது முடிந்த பொருள். அதைச் செய்த பட்டறை குடியிருப்புப் பகுதியிலோ தாதுக்கு அருகிலோ இருக்கும். தமிழ்நாட்டில் கொடுமணல், செட்டிபாளையம், பெருங்களூர் ஆகிய இடங்களில் இரும்பு உருக்கு உலைகள் கண்டறியப்பட்டுள்ளன. வாசுதேவநல்லூர் - சிவகிரி வட்டாரத்திலும் ஈமக்காட்டுக்கு உரிய வாழ்விடத்தைக் கண்டறிவதே அடுத்த தேவை.

கீழடி அறிக்கை விவகாரம்

இதே காலத்தில் எழுந்த கீழடி அறிக்கை விவகாரமும் காலக்கணிப்பைப் பற்றியதே. இந்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் அளித்த அறிக்கையில் திருத்தங்கள் செய்யுமாறு 2025 மே மாதம் அத்துறை கேட்டது. மண்ணடுக்கு வரிசையையும் கரிமக் கணிப்புகளையும் கொண்டே காலம் முடிவு செய்யப்பட்டதாகக் கூறி அவர் திருத்த மறுத்தார். தேர்வர்கள் கவனிக்க வேண்டியது, கீழடி வேறு வகை இடம் என்பது. அது குடியிருப்பு, ஏறத்தாழ கி.மு. முதலாம் ஆயிரமாண்டில் தொடங்குவது. சிவகளையும் திருமலாபுரமும் ஈமக்காடுகள். அதனினும் மிக முந்தைய அடுக்கைத் தொடுபவை. மேலும் கி.மு. 800 முதல் 400 வரை அளவுத்திருத்த வளைகோடு ஏறத்தாழ சமதளமாகக் கிடப்பதால், அக்கால மாதிரிகளுக்கு வீச்சு மிகவும் அகன்றுவிடும். கீழடியின் கணிப்பில் இது ஒரு தனிச் சிக்கல். சிவகளைக்கு இது பொருந்தாது.

நிலமும் சட்டமும்

மலையடிவார ஈமக்காடுகளின் பெரும்பகுதி இன்று உழவு நிலம். கற்பலகைகள் வரப்புக்கும் வேலிக்கும் பயன்பட்டுவிடுகின்றன. மண் அள்ளும் பொறிகள் ஒரே நாளில் பல தாழிகளைச் சிதைத்துவிடக்கூடும். மேலே விளக்கிய காலக்கணிப்பு முழுவதும் தாழியின் மூடி, மண்ணடுக்கு, பொருட்கள் கிடந்த நிலை ஆகியவற்றைச் சார்ந்தது. தோண்டி எடுத்துக் கழுவி வைத்த தாழி அருங்காட்சியகத்தில் அழகாக இருக்கும். ஆனால் அதன் கரி எந்தக் கேள்விக்கும் விடை தராது.

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய பொருளை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது அக்காலத்து அளவு. இன்று உடைந்த கத்தி முனைகூட அதற்குள் அடங்கிவிடும். தொல்லிடங்களை மாநில அரசு பாதுகாக்க 1966ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொல்லியல் சட்டம் வழிசெய்கிறது. நடைமுறையில், நிலம் முடங்கிவிடும் என்ற அச்சத்தால் உழவர்கள் தாழி கிடைத்ததைச் சொல்லாமல் மூடிவிடுவதும் உண்டு. அகழாய்வுக்குழி பெரும்பாலும் பருவம் முடிந்ததும் ஆவணப்படுத்தப்பட்டு மண்ணிட்டு மூடப்படுவதே வழக்கம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

வெளியே எடுக்கப்படும் இரும்புக்கு வேறொரு ஆபத்து உண்டு. மண்ணுக்குள் நீண்டகாலம் நிலைகொண்ட துருப்படலம், காற்றும் ஈரமும் பட்டதும் மீண்டும் வினைபுரியத் தொடங்கும். உள்ளே சிக்கியுள்ள குளோரைடு உப்புகள் அதை விரைவுபடுத்தும். குற்றாலச் சாரலின் ஈரம் படியும் இவ்வட்டாரக் காற்றில் எட்டு அடி ஈட்டி போன்ற பொருளைத் திறந்து வைத்தால் அது அடுக்கடுக்காக உரிந்துவிடும். உப்பை நீக்கும் காரக் கரைசல் ஊறல், உலர்த்தல், பாதுகாப்புப் பூச்சு ஆகியவை முடிய மாதங்கள் ஆகும்.